மண்ணில் நின்ற துப்பட்டி

உம்மா ஆபரேஷனுக்கு மாட்டேன் என்று உட்கார்ந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு மண் சாமான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

செம்பூரில் ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து மண் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு கிளாஸ். வசதியான வீட்டுப் பெண்கள் வருவார்கள், ஒரு கோணல் காபி கப் செய்வார்கள், அதைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுப்பார்கள். பாட்டரி டீச்சர் என்று அவர்கள் என்னைக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. தாராவியில் என் அண்ணன் அதைவிட மோசம். வாப்பா தொடங்கிய தோல் பை பட்டறையை இப்போது அவன்தான் பார்க்கிறான். "எங்க வீட்டுப் பட்டதாரி மண்ணப் பிசையுதா" என்று சரக்கெடுக்க வருகிற சேட்டிடம்கூடச் சொல்லுவான். பாசத்தில்தான் சொல்லுவான். ஆனாலும் வயிறு எரியும்.

அதனால், மண் வேலையில் புதிதாக ஏதாவது செய்கிறவர்களுக்கென்று இருக்கிற அந்த அவார்டின் கடைசிப் பட்டியலில் என் பெயர் வந்தபோது, பொய் சொல்ல மாட்டேன், தலைகால் புரியவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு, "இப்ப சொல்லு பாப்போம்" என்றேன்.

நான் செய்வது இதுதான். வெள்ளை மண்ணை மோர் மாதிரிக் கரைத்து அதில் துணியை ஊற வைப்பேன். வேண்டிய வடிவத்தில் நிறுத்திக் காய வைத்து, சூளையில் ஏற்றுவேன். சூட்டில் துணி எரிந்து போகும். அதில் படிந்த மண் மட்டும், துணியின் மடிப்போடும் நூல் ஓட்டத்தோடும் அப்படியே நிற்கும். துணியை முக்கிச் சுடுவது என் கண்டுபிடிப்பு இல்லை, பலபேர் செய்கிறார்கள். ஓர் ஆளின் தலையிலிருந்து இடுப்புவரை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு மெலிதாக, உள்ளே முட்டு இல்லாமல் நிற்க வைத்ததுதான் நான் பட்ட பாடு. எத்தனை விரிசல் விட்டது, எத்தனை சூளைக்குள்ளேயே சரிந்து விழுந்தது என்று கணக்கே இல்லை.

அப்படி நான் நிறுத்தியது உம்மாவின் துப்பட்டியை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் உம்மா வயசுப் பெண்கள் வெளியே இறங்கினால் சேலைக்கு மேலே வெள்ளைத் துப்பட்டி போடுவார்கள். தலையோடு சுற்றி, தாடைக்குக் கீழே, உள்ளேயிருந்து ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொள்வார்கள். ஊசி கிடையாது, பொத்தான் கிடையாது, அந்தப் பிடி ஒன்றுதான். தாராவியில் இப்போது எல்லாரும் கறுப்பு புர்காவுக்கு மாறிவிட்டார்கள், மதினி உட்பட. உம்மா மாறவில்லை. மீன் வாங்குவது, பஸ் ஏறுவது, கடைக்காரனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் உம்மாவுக்கு ஒரு கையால்தான். மற்ற கை துப்பட்டிக்கு.

நைந்து போன ஒன்றை உம்மாவே என்னிடம் கொடுத்தாள். "மண்ணுக் கையத் தொடச்சுக்கோ" என்று. துடைக்க மனசு வரவில்லை. முக்கி எடுத்து நிறுத்தியபோது தாடைக்குக் கீழே என் கையையே உள்ளே விட்டு, உம்மா மாதிரியே இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் இறுகியதும் மெதுவாக உருவிக்கொண்டேன். என் கையும் உம்மா கையும் ஒரே அளவு, அவளுடைய வளையல்தான் எனக்கும். ஆனால் மண் சூளையில் சுருங்கும். சுட்டு எடுத்த பிறகு அந்தப் பிடிக்குள் என் கை பாதிதான் போனது. அது ஒன்றுதான் எனக்குக் குறையாகப் பட்டது.

கோட்டைப் பக்கம் ஒரு கேலரியில் பட்டியலில் வந்த எல்லாருடைய வேலையையும் வைத்தார்கள். நடுவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்து முடிவு சொல்வார்கள், அதுவரை சாமான் அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. உம்மாவுக்கு அந்த வாரம் புதன்கிழமை பைபாஸ் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உம்மாவும் பயந்து பயந்து சம்மதித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்க்கட்டும் என்று நான்தான் ஆசைப்பட்டு, அண்ணனை டாக்ஸி பிடித்துக் கூட்டிவரச் சொன்னேன்.

உம்மா வந்தாள், புதுத் துப்பட்டியில். நல்ல ஏசி. வெள்ளைச் சுவர், வெள்ளை மேடை, அதன் மேல் வெள்ளையாக அது. மேலேயிருந்து ஒரு விளக்கு. உம்மா முன்னால் நின்று பார்த்தாள், பிறகு மெதுவாகப் பின்பக்கம் சுற்றிப் போனாள். பின்னால் திறந்திருக்கும், உள்ளே பார்க்கலாம்.

"ஏளா, இதுக்குள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. வெறும் கூடுதான்."

"அதத்தான் கேக்கேன்" என்றாள். துப்பட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். களைத்துவிட்டாள் போல என்று நினைத்தேன், மடச்சி.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தான். "உம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கா. ஒன்னாலதான். வந்து பேசு."

பட்டறைக்கு மேல் மாடியில்தான் வீடு. ஏணி ஏறிப் போனால் உம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னவென்று கேட்டேன். திரும்பாமலே சொன்னாள்: "நான் மவுத்தாவுறதுக்கு முன்னாலயே கஃபன் போட்டு நிறுத்தி வச்சிட்டியே. ஊரே வந்து பாத்துட்டுப் போவுது. இனி எனக்கு எதுக்கு வைத்தியம்?"

எங்கள் சந்தில் எந்தப் பெண் மவுத்தானாலும் அடக்கத்துக்கு முன்னால் குளிப்பாட்டிக் கஃபன் உடுத்த உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைத் துணியை எத்தனை பேருக்கு அவள் மடித்துக் கட்டியிருப்பாள். அப்படிப்பட்டவளின் மகள் நான், இதே வீட்டில் வளர்ந்தவள். மாசக்கணக்கில் அதோடு மல்லாடினேன், கஃபன் மாதிரி இருப்பது ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லை. மடிப்பு வந்ததா, விரிசல் விட்டதா, அவ்வளவுதான் பார்த்தேன்.

"உம்மா, அது கஃபன் இல்ல. ஒங்க துப்பட்டி."

"உள்ள ஆளு நின்னாத்தான் அது துப்பட்டி. ஆளு இல்லன்னா வெறும் வெள்ளத் துணிதான். வெள்ளத் துணி எதுக்குன்னு எனக்கா சொல்லித் தாற?"

கஃபனுக்கு வெளியிலிருந்து மற்றவர்கள் முடிச்சுப் போடுவார்கள், இதை உள்ளேயிருந்து நீங்கதானே பிடிச்சிருக்கீங்க என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி நல்ல பதிலெல்லாம் எனக்குக் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் தோன்றும். அந்த நேரத்தில் வாயில் வந்தது கோபம் மட்டும்தான். பைத்தியக்காரத்தனமா பேசாதீங்க, டாக்டர் என்ன சொன்னார்னு தெரியுமா, ஒங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க என்ன செய்வோம் என்று கத்தினேன். கீழே மிஷின் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

உம்மா திரும்பிப் படுத்தாள். "அத இங்க கொண்டா. என் கண்ணு முன்னால ஒட. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வாறேன்."

அண்ணன் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். "ஒடச்சாச்சுன்னு போன்ல சொல்லிருவோம். உம்மாக்கு என்ன தெரியப்போவுது?" என்றான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "கண்ணு முன்னாலன்னு சொன்னேன்."

கேலரிப் பெண்மணி நல்லவர். வெள்ளிக்கிழமைவரை பொறுக்கக் கூடாதா என்று கெஞ்சினார். "நான் சொல்லக் கூடாது, ஆனால் நடுவர்களில் ஒருவர் படம் பார்த்துவிட்டு இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்" என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார்? அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வீட்டில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பஞ்சு வைத்த பெட்டியில் அதை இறக்கி, டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் டிரைவர் திரும்பி, "கேக் ஹை க்யா?" என்றான். ஆமாம், கேக்தான் என்றேன். வழி நெடுக உம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம். ஒருவேளை அங்கே போய்ச் சேரும்முன் உம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டால் என்று பயம். இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தரையில் ஒரு பழைய பெட்ஷீட் விரித்து அதன் மேல் வைத்தேன். அண்ணன் கீழேயிருந்து தோல் தட்டுகிற சுத்தியலைக் கொண்டுவந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. சுத்தியலே தேவைப்பட்டிருக்காது. நான் ஒரு தட்டுதான் தட்டினேன், அப்பளம் நொறுங்குகிற சத்தம். உம்மா எழுந்து உட்கார்ந்து கடைசித் துண்டு விழும்வரை பார்த்தாள்.

"சரி. என்னிக்கு வரச் சொல்லியிருக்காவ? என்னென்ன எடுத்து வைக்கணும்?" என்றாள்.

பெட்ஷீட்டைச் சுருட்டும்போது பார்த்தேன், தாடைக்குக் கீழே இருந்த அந்தப் பிடி மட்டும் முழுசாகக் கிடந்தது. அங்கே மடிப்பு மேல் மடிப்பு, மண் தடிப்பு அதிகம். அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். உம்மா பார்த்தாளா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். உம்மாவுக்கு இன்னும் சரியாக நினைவு திரும்பவில்லை. போனில் செய்தி வந்தது, அவார்டு வேறொருத்திக்கு. அவள் செய்தது நல்ல வேலைதான், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இந்தியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பக்கத்து நாற்காலி அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

உம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் வந்தது பாதி உம்மாதான். சோறு இறங்கவில்லை, கன்னம் ஒட்டிவிட்டது, வளையல் தானாகக் கழன்று விழுகிறது என்று மதினி எடுத்து வைத்துவிட்டாள். நான் கிளாஸை எல்லாம் நிறுத்திவிட்டு அங்கேயே கிடந்தேன்.

ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். உம்மா கேட்டாள், "ஏளா, அந்த அவார்டு என்னாச்சு?"

"வேற ஒரு பொண்ணுக்குக் கெடச்சுது."

"ஏன்?"

"ஏன்னா? என் சாமான்தான் அங்க இல்லையே."

உம்மா கஞ்சிக் கரண்டியைக் கையால் ஒதுக்கினாள். "நான் சொன்னா ஒடச்சிருவியாக்கும்? கத்தி வைக்கப் போறாவன்னு பயத்துல கெடந்தேன். ஆயிரம் சொல்லுவேன். படிச்சவதான நீ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தை நங்கென்று தரையில் வைத்தேன். எழுந்து போய்ப் பையைத் தேடி, கைக்குட்டையோடு அந்தத் துண்டைக் கொண்டுவந்து உம்மாவின் மடியில் போட்டேன். "இந்தாங்க. மிச்சம் இருக்கறது இதான். இதையும் ஒடைக்கணுமா, சொல்லுங்க" என்றேன். சொன்ன வேகத்தில் அழுகை வந்துவிட்டது.

உம்மா கைக்குட்டையைப் பிரித்தாள். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு துப்பட்டியைப் பிடிக்கிற அதே மாதிரி கையை மடக்கி, அந்த மடிப்புக்குள் விட்டாள். கை முழுசாக உள்ளே போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. ஆபரேஷனுக்கு முந்தி இருந்த கையாக இருந்தால் பாதிதான் போயிருக்கும்.

"அளவெடுத்தாப்ல இருக்கே" என்றாள் உம்மா.

"ஆமாம்மா" என்று கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.

அந்தக் கையை அவள் வெளியே எடுக்கவில்லை. மற்ற கையை நீட்டிக் கஞ்சியை வாங்கிக் குடித்தாள்.