சாம்பிராணிச் சட்டியும் என் நுரையீரலும்

2006ஆம் ஆண்டு குளிர்காலத்தில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ரொக்ஸ்பரோவில் வீட்டுப் படி ஏறுவதற்குள் நான் மூன்று தரம் நின்று மூச்சு வாங்கினேன். நாட்பட்ட நுரையீரல் நோய். இருபத்தைந்து வருடம் சிகரெட் குடித்தவனுக்கு அது வந்ததில் புதினம் இல்லை. ஆனால் ஊரில் நாங்கள் யாத்திரை போகும் மடுக் கோயில் மாதாவுக்குச் சத்தியம் செய்து சிகரெட்டை விட்டு ஒரு வருடமாகியும் மூச்சு மோசமாகிக்கொண்டே போனது. ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று அழுதேன்.

நான் பிடிவாதக்காரன். அவர் விட்டாலும் நான் விடுவதாயில்லை. பின்னேரம்தோறும் குளிருக்கு யன்னலை இறுக்கிப் பூட்டி, மாதா சுரூபத்துக்கு முன்னால் கரி மூட்டிச் சாம்பிராணி போட்டு, முழங்காலில் நின்று செபமாலை சொன்னேன்.

அப்போது ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு என் இரத்தம் எடுத்தார்கள். புகையால் உடம்புக்குள் பெருகும் சில பொருட்கள் நுரையீரலை அரிக்குமாம். அந்தச் சேதத்தின் அடையாளங்கள் இரத்தத்தில் தெரியுமாம். எனக்கு அவை மிக அதிகம். புகையோடு ஏறும் காபன் மொனொக்சைட்டும் இருந்தது. இன்னும் சிகரெட் குடிக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சிகரெட் குடிப்பவருக்கு ஆஸ்பத்திரியின் மூச்சுப் பயிற்சி வகுப்பில் இடமில்லை என்றார். நான் மலைபோல் நம்பியிருந்தது அந்த வகுப்பைத்தான்.

வீட்டில் என் மனைவி றெஜினாவும், "உண்மையைச் சொல்லுங்கோ. களவாக் குடிக்கிறியளோ?" என்று கேட்டாள்.

"மாதா அறிய இல்லையப்பா."

இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. நோயைவிட அது வலித்தது.

மூன்றாம் நாள், "தாயே, நான் பொய்யன் இல்லை எண்டு நீங்களே காட்டுங்கோ" என்று கேட்டுச் செபமாலை தொடங்கினேன். பாதியில் இருமல் பிடித்தது. பக்கத்தில் இருந்த றெஜினாவும் இருமினாள். சட்டென்று எழும்பிப் போய்ச் சாம்பிராணிச் சட்டியை வெளியே பனிக்குள் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"இதுவும் புகைதானே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாதாவுக்குப் போடுறதையோ கொட்டினனீ?"

"மாதா உங்களிட்டைப் புகை கேட்டவவோ? நீங்களாத்தானே குடுத்தனியள்."

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூடிய வீட்டில் தினமும் கரி எரித்தால் இரத்தம் இப்படித்தான் காட்டும் என்றார். ஒரு மாதம் சட்டியைத் தொடாமல் இருந்து மறுபடி இரத்தம் கொடுத்தேன். புகையின் தடயம் போயிருந்தது. சேத அடையாளங்களும் குறைந்திருந்தன. டொக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு, வகுப்பில் சேர்த்தார்.

நோய் முற்றாக மாறிச் சுகமாகவில்லை, மாறாது என்றும் சொன்னார்கள். ஆனால் இன்று இந்தக் கோயிலுக்கு நடந்தே வருகிறேன். தாயே, நன்றி.

சகோதரங்களே, விடாமல் கேளுங்கள். பதில் வரும்போது மட்டும் என்னைப் போலக் கோபப்படாதீர்கள். எனக்கு அது றெஜினாவின் வாயால் வந்தது.