இருவருக்கு வந்த ஒரு பாடு

எங்கள் ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய துறையில் நாளுக்கு ஒரு குடும்பம்தான் வலை கட்டலாம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருமுறை தவறினால் பட்டியல் முழுச் சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் பொறுப்பை, மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என்னிடம் ஊர்ப் பஞ்சாயத்து தந்தது.

பைத்தானில் ஓர் இணையதளம் எழுதினேன். மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை ஒரு பெயர் நகர்த்தி, மறுநாள் பாடு யாருடையதோ அவருக்குச் செய்தி அனுப்பும் வேலையை, அதே நிரலுக்குள் பின்னணியில் ஓடும் த்ரெட்டாக, தனி இழையாக வைத்தேன். என் மடிக்கணினியில் பிழையின்றி ஓடியது. ஊரே ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறக்கும் என்றஞ்சி, சர்வரில் தளத்தை இரண்டு பிரதிகளாக ஓடவிட்டேன். பிரதிக்கு ஓர் இழை பிறக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் மாலையே இரண்டு இழைகளும் பட்டியலை அடுத்தடுத்து நகர்த்தின. என் அக்காள் கணவரான மாமாவுக்கும், அவருக்கு அடுத்த பெயருக்குரிய பெண்மணிக்கும் செய்தி போயிற்று. விடிந்ததும் இரு படகுகளும் துறையில் நின்றன.

“இன்னாண்ணா, எம்பாட்ல வந்து கழி நடுறே?” என்றார் அப்பெண்மணி.

“உம்பாடா? தோ பாரு, போன்ல வந்துகீது.”

“எனக்குந்தான் வந்துகீது. உம்மச்சான் வெளையாடுறானா?”

வாக்குவாதம் முடிவதற்குள் மீனைக் கொண்டுவரும் நீரோட்டம் திரும்பிவிட்டது. இருவருமே வலை கட்டவில்லை.

மாமா நேரே என்னிடம் வந்தார். இழை, பிரதி என்று தொடங்கினேன். “உங் கம்ப்யூட்டர் கதை வேணாம். எம்பாடு திரும்பி வருமா, வராதா? அத்தச் சொல்லு.”

மறுநாள் பாடு மாமாவுக்கு, அதற்கடுத்த நாள் அப்பெண்மணிக்கு என்று பஞ்சாயத்து தீர்த்தது. நான் பட்டியலை இரண்டு பெயர் பின்னுக்கு நகர்த்தினேன். இழையை நீக்கி, அவ்வேலையைத் தளத்துக்கு வெளியே, சர்வரில் ஒன்றே ஒன்றாக ஓடும் தனிப் பின்னணி நிரலாக்கினேன். அன்று ஏற்கெனவே நகர்ந்திருந்தால் மீண்டும் நகராதபடி ஒரு தடையும் வைத்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஐந்து மணிக்கு ‘அனுப்பப்பட்டது’ என்ற வரி திரையில் ஒருமுறை வந்தது. இரண்டாவது வரி வந்துவிடுமோ என்று கண் இமைக்காமல் இருந்தேன். மாமா அழைத்தார்.

“வந்துச்சுடா. வேற யாருக்காச்சும் போச்சா?”

“போகல மாமா.”

“பாத்துட்டுச் சொல்றியா, நெனச்சுக்கினு சொல்றியா?”

செருப்பை மாட்டிக்கொண்டு அப்பெண்மணியின் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், நான் வாய் திறக்குமுன் கைப்பேசியை நீட்டினார்.

“நீயே பாத்துக்கோ.”

நேற்றைய செய்திதான் கடைசியாக இருந்தது. ஆயினும், இன்னொன்று வந்துவிடுமோ என்று பார்த்தபடி நின்றதில், கைப்பேசியைத் திருப்பித் தர எனக்குச் சற்று நேரமாயிற்று.