கண்ணாடியைக் கழற்றிய பிறகு

அறுவை சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக உதவியாளராக இருக்கும் அந்தப் பெண்ணைப் பூனையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், மருத்துவ அறமும் வரலாறும் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தபோது மருத்துவமனையே சிரித்தது.

"டாக்டரம்மா, எனக்கு எப்ப ஊசி போடுவீங்க?" என்று வீட்டுக்காரர் சீண்டினார்.

தலைமை நர்ஸ் கேலியோடு நிற்கவில்லை. "தேறலைன்னா இனி அந்த வகுப்புப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காத. வார்டு மானமே போகுது."

ஒரு காலத்தில் நோயாளியைக் கேட்காமலே அவர் உடம்பில் என்னென்ன செய்தார்கள் என்று ஆசிரியை சொல்லச் சொல்ல, பூனையக்கா ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். சம்மதம் கேட்கும் வழக்கம் எத்தனை பேர் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

கடைசித் தேர்வில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வேலையிடத்தில் கண்ட ஓர் அறச் சிக்கலை எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். பேசாவிட்டால் ஆறு மாதப் படிப்பும் வீண்.

மற்றவர்கள் திரையில் படம் போட்டு வெளுத்து வாங்கினார்கள். தன் முறை வந்ததும் பூனையக்கா படம் எதுவும் இல்லாமல் எழுந்தார். தேர்வாளராக வந்திருந்த தலைமை அறுவை மருத்துவருக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், உங்க கண்ணாடியக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?"

மருத்துவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதை ஓர் உறைக்குள் போட்டுவிட்டு, அறுவைக்கான சம்மதப் படிவத்தை நீட்டினார் பூனையக்கா.

"வாசிங்க சார்."

மருத்துவர் தாளை மூக்கருகே கொண்டுபோனார். கையை நீட்டியும் பார்த்தார். "எழுத்தே தெரியலையேம்மா!"

"பரவால்ல, கையெழுத்தப் போடுங்க. உள்ள எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பூனையக்கா சிரிக்கவில்லை.

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல தினமும் இதான் சார் நடக்குது. நகை, பல்செட்டு, கண்ணாடி எல்லாத்தையும் நான் கழட்டி வாங்கி வச்ச பிறகுதான் படிவமே வருது. சம்மதம்னு எழுதியிருக்கு. ஆனா யாருமே படிச்சதில்ல."

உறையிலிருந்த கண்ணாடியை எடுத்து மருத்துவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நானும் அந்த வாசல்லதான் நிக்கிறேன். எனக்கு ஏன் தோணவே இல்ல?" என்றார் மருத்துவர். ஆசிரியை முழு மதிப்பெண் போட்டார். மருத்துவர் அங்கேயே ஓர் உத்தரவு எழுதினார்: இனி அறுவைக்கு முதல்நாளே, படுக்கையில், கண்ணாடியோடு வாசித்த பிறகுதான் கையெழுத்து.

திங்கட்கிழமை, மறுநாள் வயிற்றில் அறுவைக்கு இருந்த ஒரு லாரி டிரைவர் படிவத்தின் இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து வாசித்தார்.

"டாக்டர், இந்த மூணாவது வரி புரியலையே."

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

"போச்சு! இனி இவங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்று முணுமுணுத்தார் தலைமை நர்ஸ்.

"கேக்கட்டும் சிஸ்டர். அவங்க வயிறுதானே" என்றார் பூனையக்கா. டிரைவரின் மனைவியும் ஏதோ கேட்க வாயெடுப்பதைக் கண்டதும், அவளுக்கும் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.