கவர்னர் முன்னால் நான்கு வரி

பட்டமளிப்பு விழாவில் கவர்னர் முன்னால் மாணவர்கள் சார்பில் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த பேச்சை இன்று பிரின்சிபால் அடித்துத் திருத்தி, நான்கு வரி நன்றியாக்கித் திருப்பிக் கொடுத்தார்.

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கினேன். கள்ளிக்குப்பத்துக்கு நடக்கும் வழியில் பக்கத்து வயல்காரர் கன்னியப்ப மாமா பிடித்துக்கொண்டார்.

"தொரை எதிர்ல பேசப் போறியாமே நைனா. ஏரி மதகு ஒடஞ்சி கீது, அத்த மொதல்ல சொல்லு."

"மாமா, அது ஜமாபந்தி இல்ல, மனு குடுக்கறதுக்கு. பட்டம் குடுக்கற எடம்."

"இருக்கட்டுமே. ஜமாபந்திக்கு வர்ற கலெக்டருக்கு வருசா வருசம் மனு குடுத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. இவரு அவருக்கும் மேல இல்லியா? நீ இங்கிலீஷ்ல சொன்னா கேப்பாரு."

வீட்டு வாசலில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். ஒருவருக்குத் தீர்வையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். இன்னொருவருக்குச் சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. எல்லோரிடமும் "சொல்றேன்" என்றேன்.

அவர்கள் போன பிறகு சோறு போட்டபடி அம்மா கேட்டாள். "நெசமாவே இன்னா சொல்லப் போறே?"

"நன்றின்னு சொல்லப் போறேன்."

"இன்னாத்துக்கு?"

குழம்பு ஊற்றிவிட்டு, பதிலுக்காக எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நண்பர்களே, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மேடை ஏறுவதற்குள் எனக்கும் தெரிந்தாக வேண்டும்.