மாமாவின் ரீலும் அப்பாவின் கிரீஸும்

மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் எனக்குப் பிடித்தது தூண்டில் ரீல்தான். சாக்லேட்டைக்கூட இரண்டாம் இடத்தில்தான் வைத்திருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் ரீல் அது. ஒரு பெரிய கொய்யாப்பழ எடைதான் இருக்கும். கைப்பிடியைச் சுண்டிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். புது விசா வருகிறவரைக்கும் என்று சொல்லி, சின்னமனூரில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். விசா வந்தபாடில்லை. தெருவில் தலையைக் காட்டினால் போதும், "எப்பப்பா கெளம்புற?" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் கேட்க எங்கள் ஊரில் வேறு கேள்வியே கிடையாது. வந்த புதிதில் மாமா தேதி சொன்னார். பிறகு மாதம் சொன்னார். அப்புறம் கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியது மீன்பிடிக்க மட்டும்தான். காலையில் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, தென்னந்தோப்புகளுக்குள்ளேயே புகுந்து பெரியாற்றங்கரைக்குப் போவார். சுற்றுவழிதான், ஆனால் கடைத்தெருவைத் தொடாத வழி. முள்ளில் மாவு உருண்டையைக் குத்தி வீசினால், தூண்டில் நரம்பு சொய்ங்கென்று பறந்து அக்கரை ஓரமாய் விழும். வீட்டில் சோறு தின்ன மட்டும் வாயைத் திறக்கிற மனிதர், ஆற்றைப் பார்த்ததும் கதை கதையாகச் சொல்வார். வேலையில்லாத மாமா கிடைத்ததற்காக நான் பிள்ளையாருக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

ஒருநாள் ரீல் ஈர மணலில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் சுற்றினால் கரகரவென்றது. "மண்ணு உள்ள போயிருச்சு" என்று மாமா தூண்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தானும் அதே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆற்றுக்குப் போவதும் நின்றது, பேச்சும் நின்றது. அம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்படியே கெடந்தா அவனுக்கு என்னமாச்சும் ஆயிரும்ங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு மீன் போச்சே என்று.

அப்பா கடைத்தெருவில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர்கள்கூட, மருந்தடிக்கிற மெஷின் நின்றுபோனால் அவரைத் தேடித்தான் வருவார்கள். "இங்கன குடு மாப்ள, நான் பாக்குறேன்" என்று ரீலை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினார். அதன் இண்டு இடுக்கெல்லாம் மஞ்சள் கிரீஸ் பிதுங்கியது. மாமா கைப்பிடியைச் சுற்றினார். ஆட்டுக்கல்லை ஆட்டுகிற மாதிரி கனத்தது. அது போதாதென்று பின்பக்கமாக வேறு சுற்றியது. மீன் இழுத்தால் நரம்பெல்லாம் அதன் பின்னாலேயே போய்விடும்.

மாமா விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

"மச்சான், இதென்ன பம்புசெட்டா? இம்புட்டு கிரீஸ அப்பி வச்சிருக்கீக! பின்னால சுத்தாமப் பிடிக்கிற உருளையெல்லாம் வழுக்குதே!"

அந்த வீட்டில் மாமா குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். அப்பா தலையைச் சொறிந்தார். "சின்ன சாமானெல்லாம் நமக்கு எங்கன வருது? நீயே பிரிச்சுப் பாரு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊர் மோட்டாரையெல்லாம் ஓடவைக்கிற அப்பாவுக்கு இந்தத் துக்கடா ரீல் வரவில்லையே! அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் காலை மாமா வாசலில் உட்கார்ந்து ரீலைப் பிரித்தார். செல்போனைச் சொம்பில் சாய்த்துவைத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரர் ரீலைக் கழற்றுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, உருண்டுவிடாமல் இருக்கக் கழற்றின வரிசையிலேயே சுளகில் காயவைத்தார். புத்திசாலித்தனமான ஏற்பாடு. இட்லி தின்ன உள்ளே போனதுதான் தப்பு.

அம்மாவுக்கு அன்று உளுந்து புடைக்கிற வேலை. கை உளுந்தைக் கொட்டியது, வாய் மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த பக்கத்து வீட்டு அத்தையோடு பேசியது. சுளகை யார் பார்த்தார்கள்? புடைத்த முதல் வீச்சிலேயே ஏதோ ஒன்று டிங்கென்று வாசல்கல்லில் தெறித்தது.

மாமா இட்லி வாயோடு ஓடிவந்தார். "யக்கா! என் ரீலயா புடைக்கிற?"

"நான் என்னத்தக் கண்டேன்? சுளகுல எவன்டா இரும்புக்கடை விரிப்பான்?"

குடும்பமே முட்டிபோட்டுத் தேடியது. கோழிகளை விரட்டிவிட்டோம். உளுந்துக்குள் பல்சக்கரம் கிடைத்தது, உமிக்குள் வாஷர் கிடைத்தது. ஒரு குட்டி ஸ்பிரிங் மட்டும் அகப்படவே இல்லை. நரம்பைப் பிடித்துச் சுற்றிவிடும் வளைந்த கம்பியை டக்கென்று மூடவைப்பது அதுதான். அது இல்லாமல் ரீல் இல்லை. நான் வாசல்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "கடைக்கு வா மாப்ள. அங்கன பழைய ஸ்பிரிங்கா கெடக்கு. எது சேரும்னு உனக்குத்தானே தெரியும்" என்றார்.

கடைக்குப் போக வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குள் நுழைய வேண்டும். டீக்கடைக்குப் பக்கத்துக் கடைதான் எங்களுடையது. மாமா சுளகையே பார்த்துக்கொண்டு நின்றார். என் அழுகையைக் கூட்டினேன். கடைசியில், கிடைத்ததையெல்லாம் ரீலில் மாட்டி எடுத்துக்கொண்டு, "வா ஆத்தா, போவோம்" என்று என் கையைப் பிடித்தார்.

நினைத்த மாதிரியே டீக்கடையிலிருந்து ஒருவர், "எப்பப்பா கெளம்புற?" என்றார். மாமாவின் பிடி இறுகியது. பிறகு ரீலைத் தூக்கிக் காட்டினார்.

"மொதல்ல இதுக்கு ஒரு ஸ்பிரிங் மாட்டிக்கிறேண்ணே."

அவரும் ரீலை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, இம்புட்டுக்காண்டு இருக்கு!" என்றார். விசாப் பேச்சு அதோடு போயிற்று.

செத்துப்போன சுவிட்ச் ஒன்றிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து, நறுக்கி, வளைத்து, மாமா மத்தியானம் வரைக்கும் மல்லுக்கட்டினார். நடுவில் ஒருவர் மருந்தடிக்கிற மெஷினோடு வர, அப்பா மோட்டாருக்கு அடியிலிருந்தே, "அது என்னான்னு பாரு மாப்ள" என்றார். மாமா பார்த்தார். பார்த்ததில் அது ஓடியும்விட்டது. ரீலில் தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு மூடியபோது, கம்பி டக்கென்று விழுந்தது. நான் குதித்தேன். மறுநாள் ஆற்றில் முதல் வீச்சிலேயே ஜிலேபிக்கெண்டை.

ஆனால் நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஆற்றிலிருந்து திரும்பியதும் மாமா கடைக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த நாளும் போனார். போகப்போக மீன்பிடிப்பது ஞாயிற்றுக்கிழமை என்றாகிவிட்டது. ரீல் சரியானது எனக்கு நஷ்டமாகப் போனதே என்று பொருமினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். மாமா ஒரு மோட்டார் பேரிங்கில் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் காயிலுக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்த அப்பா, நிமிராமலே சொன்னார்:

"அளவா வையி மாப்ள. அப்பி வச்சா எந்தச் சாமானும் சுத்தாது. இதுகூடவா தெரியாது?"

மாமாவின் கை அப்படியே நின்றது.

"அப்ப என் ரீலுக்கு, மச்சான்?"

அப்பா கையில் வைத்திருந்த ஸ்குரு டிரைவரையே மேசைக்கடியில் குனிந்து தேடினார். மாமா சிரிக்க ஆரம்பித்தார். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப்பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க மறுபடியும் நிறைந்தது.

கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டதாக்கும் என்று, நான் ஓடிப்போய்ப் கை துடைக்கிற பனியன் துணியை எடுத்துக் கொடுத்தேன்.