க்ளெண்டாவும் ஊதாச் சாமந்தியும்

"பூத்ததை வாங்காதீங்க, மொட்டை வாங்குங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். ஒருத்தராவது கேக்கறாங்களா?"

ஆகஸ்ட் கடைசியிலிருந்து முதல் உறைபனி விழுகிற வரைக்கும் க்ளெண்டா இதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். வருகிறவர்களிடம் சொல்வாள். கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் சொல்வாள். யாரும் அகப்படாவிட்டால் கையிலிருக்கிற ஹோஸிடம் சொல்வாள்.

ஹார்லோ என்ற அந்தச் சின்ன ஊருக்கு இருப்பது ஒரே நர்சரி. கோடை முடியும் சமயத்தில் அது பார்க்கவே பரிதாபமாக இருக்கும். தொங்கு தொட்டிகளில் பெட்டூனியா சிக்குப் பிடித்த தாடி மாதிரி நீண்டு கிடக்கும். கல்லாப் பக்கம் யாரோ பாதி குடித்து வைத்த சோடா டப்பாவைக் குளவிகள் குத்தகைக்கு எடுத்திருக்கும். 'எல்லாம் பாதி விலை' என்ற பலகைக்குக் கீழே, பாதி விலைக்கும் போகாத செடிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கம் மட்டும் பச்சைப் பசேலென்று உருண்டை உருண்டையாகச் சாமந்தி. அது க்ளெண்டாவின் ராஜ்யம்.

"ஹாஆய் க்ளெண்டா! இது பூத்திருக்கே, எவ்ளோ அழகு! இதையே எடுத்துக்கறேனே?" என்று ஒரு குரல் மூக்கு வழியாக வரும்.

"கண்ணு, அது ரெண்டே வாரத்துல உன் வாசப்படியில ஈரத்துணி மாதிரி கிடக்கும். இதை எடு."

"இது வெறும் பச்சையால்ல இருக்கு? என்ன கலர்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அந்த 'எனக்குத் தெரியும்' என்பதைச் சொல்லும்போது மட்டும் க்ளெண்டா குரலைத் தாழ்த்துவாள். தேவாலயத்தில் பேசுகிற குரல். ஒரு இலையைத் திருப்பிப் பார்ப்பாள், காம்பை நகத்தால் தடவுவாள், "மஞ்சள்" என்பாள். மூன்று வாரம் கழித்து அது மஞ்சளாகத்தான் பூக்கும். அவள் சொல்லி ஒரு சாமந்தி நிறம் மாறியதாக ஊரில் பேச்சே கிடையாது. அதனாலேயே தொட்டிகளில் லேபிள் குத்த விடமாட்டாள். நாற்றுத் தட்டோடு வருகிற லேபிள்களை ஜூன் மாதமே குப்பையில் போட்டுவிடுவாள்.

"லேபிள் இல்லாம எப்படிங்க?" என்பான் டுவெய்ன். நர்சரி இப்போது அவனுடையது. அவன் அப்பா க்ளெண்டாவை ஒரு வசந்த காலத்துக்கு மட்டும் உதவிக்கென்று கூப்பிட்டார். அவள் வந்தவள் வந்தவள்தான். டுவெய்ன் அப்போது தொட்டில் குழந்தை. அதனால் முதலாளி ஆன பிறகும் அவன் அவளுக்கு 'டேய்'தான்.

"டேய், உங்கம்மா கூட்டத்துல உன்னைத் தேடறப்போ உன் நெத்தியில லேபிள் ஒட்டியிருந்தாளா?"

அவன் கல்லாப் பக்கம் போய்விடுவான்.

ஊருக்கு க்ளெண்டாவிடம் குறை ஒன்றுண்டு. அவள் கார்பினில் பிறந்தவள். இரண்டு ஊருக்கும் நடுவே சோளக்காடு மட்டும்தான். ஆனால் ஃபுட்பால் என்று வந்தால் அது கடல். கார்பின் பள்ளிக்கு ஊதா, ஹார்லோ பள்ளிக்கு ஆரஞ்சு. வெர்னனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது க்ளெண்டாவிடம் ஊதாவில் ஒரு கோட்டு இருந்தது. மாமியார் அதை வாங்கி நாய்க்குப் படுக்கையாகப் போட்டார். அதற்குப் பிறகு க்ளெண்டா எத்தனையோ ஆட்டத்துக்கு ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு போய்த் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறாள். ஆனாலும் ஹார்லோ தோற்றால் யாராவது ஒருவன் திரும்பிப் பார்த்து, "உள்ளுக்குள்ள சந்தோஷம்தானே கார்பின்காரி?" என்பான். அவளும் சிரிப்பாள். சிரித்துச் சிரித்துப் பழகிப்போயிற்று. மனுஷியாக அவளைப் பாதிதான் நம்பினார்கள், சாமந்திக்காரியாக முழுசாக நம்பினார்கள். பின்னது போதும் என்று அவள் இருந்தாள்.

அந்த வருஷம் ஹோம்கமிங் ஆட்டம் கார்பினோடு என்று ஆனது. வெளியூர் போன பழைய மாணவர்களெல்லாம் பிள்ளைகுட்டியோடு ஊர் திரும்பி வந்து உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம். பள்ளியின் ஆதரவாளர் சங்கத்துக்குத் தலைவி ட்ரேசி. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு சிரிப்பைக் கட்டி அனுப்புவாள்.

"மைதான வாசல்லேர்ந்து உள்ள வரைக்கும் ரெண்டு பக்கமும் ஆரஞ்சு சாமந்தி, க்ளெண்டா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரெக்டா பூத்திருக்கணும், ஹிஹி. முடியுமா?"

"மொட்டுல எடுத்துக்க. வெள்ளிக்கிழமை மொகம் காட்டும்."

"ஆரஞ்சுதானே? ஹிஹி."

"இல்ல, புள்ளி போட்ட பச்சை. போ கண்ணு, நான் கொண்டுவந்து வைக்கறேன்."

ஜூலையில் வேலைக்கு வந்த பையன்கள் தொட்டிகளை இடம்விட்டு அடுக்குகிறோம் என்று வரிசைகளைக் கலைத்திருந்தார்கள். க்ளெண்டா அதைப் பொருட்படுத்தவில்லை. அடர்பச்சை இலை என்றால் ஊதா, வெளிறிய இலை என்றால் ஆரஞ்சு. இரண்டே நாளில் இலையைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்துவிட்டாள். செப்டம்பர் நடுவில் ஆரஞ்சு வரிசை டுவெய்னின் லாரியில் ஏறி மைதானத்துக்குப் போயிற்று. ஊதா வரிசை ஒன்றிரண்டாக விற்றுத் தீர்ந்தது. பாங்கு வாசலுக்குக் கொஞ்சம், பல் டாக்டர் வாசலுக்குக் கொஞ்சம், தேவாலயத்துக்குப் பூ வைக்கிற ஈடித்தின் வீட்டுக்குக் கொஞ்சம்.

தண்ணீர் ஊற்ற வேறு யாரையும் விடாமல் அவளே மைதானத்துக்குப் போனாள். ஆட்டம் நடக்கிற வாரம் புதன்கிழமை காலை, வாசலுக்கு இடப்பக்கம் மூன்றாவது தொட்டியில் ஒரு மொட்டு வாய் பிளந்திருந்தது. குனிந்து பார்த்தாள்.

ஊதா.

நிமிர்ந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். புல் வெட்டுகிறவன் தூரத்தில் இருந்தான். மொட்டைக் கிள்ளிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு தொட்டி விடாமல் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. நர்சரியில் பையன்கள் குழாய்ப் பக்கம் அடுக்கிய ஆரஞ்சுச் செடிகளுக்கு உரத்தண்ணீர் தாராளமாகப் போயிருக்கிறது. அதனால் வெளிறியிருக்க வேண்டிய இலை அடர்பச்சையாகிவிட்டது. கடைசி மூலையில் கிடந்த ஊதாச் செடிகள் பட்டினியிலும் வெயிலிலும் வெளுத்துவிட்டன. ஆரஞ்சு ஊதா வேஷம் போட, ஊதா ஆரஞ்சு வேஷம் போட, அவள் இரண்டையும் நம்பியிருக்கிறாள்.

மாற்றி வைக்கலாமென்றால் நிஜமான ஆரஞ்செல்லாம் ஊர் வாசல்களில் போய் உட்கார்ந்துவிட்டது.

வியாழக்கிழமை மறுபடி போய்க் கிள்ளினாள். அன்றைக்குச் சட்டைப் பாக்கெட் இரண்டும் நிறைந்தன. ராத்திரி துணி துவைக்கப் போட்ட வெர்னன் அதைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"என்னடி இது?"

"மொட்டு."

"ஊதாவால்ல இருக்கு?"

"உனக்கென்ன தெரியும் கலரைப் பத்தி. சாக்ஸே ஜோடியா போடத் தெரியாது."

வெர்னன் மெஷினை மூடினான். வீட்டில் விஷயம் அவ்வளவுதான் பேசப்பட்டது.

வெள்ளிக்கிழமை ஜூலை மாதத்து வெயில் எங்கிருந்தோ திரும்பி வந்து அடித்தது. சாயங்காலம் வாத்தியக் குழு வாசலுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் ஊதா. கொஞ்சநஞ்சமில்லை, கிள்ளியதில் கிளை விட்டதுபோலத் திமுதிமுவென்று ஊதா. கார்பின் ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நிமிஷம் நம்பாமல் நின்றார்கள். பிறகு பூவுக்குக் கைதட்டினார்கள். "ஐயோ, எங்களுக்கு வரவேற்பா! இவ்ளோ மரியாதை எதுக்குங்க!" என்று ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றி வாசலுக்கு வணக்கம் வைத்தார். அன்றைக்கு ஆட்டத்தில் ஜெயித்தது ஹார்லோதான். ஆனால் ஜெயித்ததைப் பற்றிப் பேச ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை க்ளெண்டா வழக்கம்போல வந்து ஹோஸைப் பிரித்தாள். டுவெய்ன் காபிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"ராத்திரி பூரா ஃபோன் வந்துது. நீங்க வேணும்னே பண்ணீங்கன்னு ஊரே சொல்லுது. கார்பின் ரத்தம்னு."

"ம்."

"வர்ற வழியில பாங்கு வாசலைப் பார்த்தேன். ஊதா வாங்கினவங்க வாசல்ல ஆரஞ்சு பூத்திருக்கு. ரெண்டும் மாறிடுச்சு, அவ்ளோதானே?"

க்ளெண்டா தண்ணீரைத் திறந்தாள்.

"ட்ரேசி வரா. கலந்துபோச்சு, கவனிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விஷயம் முடிஞ்சுடும். யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க."

"யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க," என்று அவன் குரலிலேயே அவள் திருப்பிச் சொன்னாள். "அடுத்த வருஷம் வந்து, 'க்ளெண்டா, லேபிள் இருக்கா?'ன்னு மட்டும் கேப்பாங்க."

அதற்குள் ட்ரேசி வந்துவிட்டாள். பின்னாலேயே ஆரஞ்சுச் சட்டையில் சங்கத்து ஆட்கள் ஒரு கும்பல். ட்ரேசி இன்றைக்குச் சிரிப்பைக் கொண்டுவரவில்லை.

"க்ளெண்டா, எனக்கு நேரா ஒரு பதில் வேணும். எத்தனை வருஷமா எங்க கூடவே உக்காந்து கத்தறீங்க. எங்களுக்கு இப்படிச் செய்வீங்களா?"

க்ளெண்டா வாயைத் திறக்குமுன் ஈடித் பழத்தட்டு மாதிரி ஒரு சாமந்தித் தொட்டியை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. காது கொஞ்சம் மந்தம், குரல் கொஞ்சம் உரக்க.

"க்ளெண்டா! நான் ஊதா கேட்டேனா, நீ குடுத்தது ஆரஞ்சா பூத்திருக்கு! பரவால்ல, நல்லாத்தான் இருக்கு! சும்மா காட்டலாம்னு கொண்டாந்தேன்!"

கும்பலில் ஒவ்வொருத்தர் தோளாக இறங்கியது. ட்ரேசியின் முகம் மலர்ந்தது. அவள் முன்னே வந்து க்ளெண்டாவின் முழங்கையைத் தொட்டாள்.

"அட, மாறிப்போச்சா! இவ்ளோதானா! ஐயோ, நாங்க என்னென்னமோ நினைச்சுட்டோம், ஹிஹி. விடுங்க க்ளெண்டா. வயசாகுதில்ல, கண்ணு முந்தி மாதிரியே இருக்குமா? எங்கம்மாவும் இப்படித்தான், உப்பு டப்பாவைத் தூக்கி காபியில போடறாங்க. இனிமே ஒரு சின்ன லேபிள் குத்திட்டா தீந்துது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை முகத்திலும் கனிவு. முதல் தடவையாக அவளை முழுசாகத் தங்களில் ஒருத்தியாக ஏற்றுக்கொண்ட முகங்கள். டுவெய்ன் மூச்சு விட்டான். க்ளெண்டா ஹோஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு சுற்று எல்லோரையும் பார்த்தாள்.

"மாறிப்போச்சா? என் கையிலயா? இங்க பாரு ட்ரேசி, உங்கம்மா காபியில உப்பைப் போடட்டும், ஃபினாயிலைப் போடட்டும், அது உங்க வீட்டு சமாச்சாரம். நான் போட்டது ஊதா. ஊதான்னு தெரிஞ்சு, ஒவ்வொரு தொட்டியா பொறுக்கி, என் கையால கொண்டாந்து உங்க வாசல்ல வச்சேன். ஏன்னா நான் கார்பின்ல பொறந்தவ, நீங்கதானே வருஷம் தவறாம சொல்லிட்டிருந்தீங்க? ஈடித்துக்கும் தெரிஞ்சேதான் ஆரஞ்சைக் குடுத்தேன், அவ வீட்டு செங்கல் சுவத்துக்கு முன்னாடி ஊதாவை வச்சா அடிபட்டு வீங்கின மாதிரி இருக்கும். கோவம்னா கோவிச்சுக்குங்க, ஆட்டத்துக்கு வரக்கூடாதுன்னா வரல. ஆனா க்ளெண்டாவுக்கு மொட்டைப் பார்த்து கலர் தெரியலன்னு ஒருத்தர் வாயிலேர்ந்து வந்துது, அவங்களுக்கு இந்த நர்சரியில ஒரு புல்லு கிடையாது. இப்ப காலை எடு, ஹோஸ் மேல நிக்கறே."