துண்டு போட்டுப் பிடித்த சீட்

மகள் ஃபோனில், மலையில் இருக்கும் ஹட்டனுக்குப் போகும் ரயிலுக்கு டிக்கெட் பார்த்தாள். கட்டம் கட்டமாகச் சீட்டுகள் தெரிந்தன. எங்கள் அப்பாவின் சிவப்புத் துண்டு நினைவுக்கு வந்தது.

அப்போது மூன்றாம் வகுப்புக்கு புக்கிங் கிடையாது. எங்கள் வீடிருந்த ஜிந்துப்பிட்டியிலிருந்து விடியவே நடந்து கோட்டை ஸ்டேஷனுக்குப் போவோம். ரயில் நிற்குமுன் அப்பா ஜன்னல் வழியே துண்டை எறிவார். துண்டு விழுந்த சீட் எறிந்தவருக்கு.

ஒருமுறை அம்மா நிறைமாதம். பிரசவத்துக்கு ஹட்டனில் தாய் வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் அவரால் நிற்க முடியாது. அப்பா பதற்றத்தில் எறிந்தார். ஏறிப் பார்த்தால், முன்பே ஏறி உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரின் தலையில் துண்டு கிடந்தது.

"என்ட தலையையும் சேத்தா புக் பண்றீங்க?" என்றார் அவர்.

"தெரியாமப் பட்டிருச்சு நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் அப்பா.

அவர் அம்மாவைப் பார்த்தார். உடனே எழும்பினார். "இரிங்க தங்கச்சி."

தான் இறங்கவேண்டிய கம்பளை வரைக்கும் அப்பாவோடு கதைத்துக்கொண்டு நின்றே வந்தார். அம்மா ஜன்னலில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்.

"சொல்லுங்கப்பா, எந்த சீட்?" என்றாள் மகள்.

"ஆள் இல்லாத சீட்டாப் பாத்து எடு."

"ஆள் இருந்தா இது தராதுப்பா," என்று சிரித்தாள்.